வலது மூலை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் டிசைன் பிரிவில் புகழேந்தியும் ஜோசுவாவும் காலமெல்லாம் போட்ட சண்டை, விண்டோஸ் 95 உசத்தியா, பழைய மேக்கின்டாஷ் உசத்தியா என்பதுதான். மேக்கில் ஜன்னலை மூட இடது மூலையில் அழுத்த வேண்டும், விண்டோஸில் வலது மூலையில். விண்டோஸில் உட்கார்ந்தால் ஜோசுவாவின் கை பழக்கதோஷத்தில் இடது பக்கமே போகும். அங்கே ஒரு குட்டி மெனுதான் விரியும்.

"உன்னுது பேஜார்டா" என்று புகழேந்தியிடம் அலுத்துக்கொள்வார்.

ஜோசுவாவை அடக்கம் செய்தபின், அவர் மனைவி மெர்சி அவருடைய மேக்கைப் புகழேந்தியிடம் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களே வெச்சிக்கங்கண்ணா."

ஞாயிறு மதியம் புகழேந்தி அதையும் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆன் செய்துவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். விண்டோஸில் பழைய ஜன்னல் ஒன்று திறந்து நின்றது. அம்புக்குறி தானாக அதன் இடது மூலைக்குப் போனது. குட்டி மெனு விரிந்தது. மறுபடியும் விரிந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வலது பக்கம்டா, தோஸ்த்."

அம்பு அசையவில்லை.

"சரி, உன்னுதுதான்டா உசத்தி." ஜோசுவா இருந்தவரை அவர் சொல்லாத வார்த்தை அது.

அம்பு நிதானமாகத் திரையைக் கடந்து, வலது மூலையில் ஜன்னலைச் சரியாக மூடியது.

புகழேந்தி நிம்மதியாக டீயைக் குடித்து முடித்தார். பிறகுதான், அதுவரை கழன்றே கிடந்த மவுஸின் ஒயரை எடுத்து விண்டோஸ் பெட்டியின் பின்னால் செருகினார்.