அவளுக்குக் குளிர் ஆகாது

மகளுக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, இதயத்தைத் தானம் செய்யத் தையல்காரரும் அவர் மனைவியும் சம்மதித்தார்கள். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்படிம்மா எடுத்துட்டுப் போவீங்க?"

"துடிப்பை நிறுத்தி, மருந்து கலந்த தண்ணியில போட்டு, ஐஸ் பெட்டியில வைப்போம்மா," என்றாள் நர்ஸ். "சூடா, துடிக்கத் துடிக்கவே கொண்டுபோற மெஷின்கூட இருக்கு. இங்க இன்னும் வரல."

"அவளுக்குக் குளிர் ஆகாதே."



பெட்டி புறப்பட்டுப் போனபோது வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வராந்தா பெஞ்சில் தையல்காரர் மனைவியின் கையைப் பிடித்தார். கை விறைத்துக் கிடந்தது. நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. பதறிப்போய்ப் பரபரவென்று தேய்த்தார். சூடு ஏறவே இல்லை.

"டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

அவள் பற்கள் தந்தியடித்தன. முகம் மட்டும், பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைக்கிறவள் முகம்போல அமைதியாக இருந்தது.

சாயங்காலம் நர்ஸ் ஓடிவந்தாள். "பொருத்தியாச்சும்மா. நல்லாத் துடிக்குதாம்." பிறகு தயங்கினாள். "பெட்டியில ஐஸ் கொஞ்சங்கூட உருகலையாம். ஆனா இதயம் வெதுவெதுன்னு இருந்துச்சாம். ஏன்னு பொருத்தின டாக்டருக்கே புரியலையாம்."

அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, மனைவி அழுதாள். கன்னத்தைத் துடைக்கப்போன தையல்காரர் விரலை வைத்தபடியே உறைந்துபோனார். கண்ணீரும் ஐஸ் தண்ணீராக ஜில்லிட்டிருந்தது.