சத்தமில்லாத துரப்பணம்

"சத்தம் கேக்கப்படாது அண்ணாச்சி. அது மட்டும் பாத்துத் தரணும்."

சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த தாணுலிங்கத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. துளை போடும் துரப்பணம் வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். சத்தத்தைப் பற்றி இதுவரை எவன் கேட்டான்?

"துரப்பணம் ஆருக்கு? உமக்கா?"

"எனக்கில்ல, எனக்க கூட்டுக்காரருக்கு" என்றார் பாறசாலைப் பக்கத்து ராஜையன். "மரத்துல பூவேலை செய்யுறது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. வாற மாசம் எனக்க மகளுக்குக் கல்யாணம். வேதப்புத்தகம் வைக்க ஒரு பெட்டி செஞ்சு தாறேன்னாரு. கூலி வேண்டாம், துரப்பணம் வாங்கித் தந்தா போதும்னாரு."

ராஜையன் பவுன் போட வழியில்லாத தகப்பன். மகளுக்கு அவர் கொடுக்கப்போவது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதுவும் இல்லாமல் அவளை எப்படிச் சம்பந்தி வீட்டுப் படி ஏற்றுவது?

தாணுலிங்கம் வில் துரப்பணம் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து இழுத்தார். கிறீச் கிறீச்சென்று கத்தியது. "இதுதான் விலை கம்மி. பதினாலு சக்கரம், அரை ரூவாதான்."

"ஐயோ, இது ஊரைக் கூட்டிரும்! ராத்திரிதான் அவருக்கு ஒழிவு. பக்கத்துல ஆளுக உறங்க வேண்டாமா?"

நெஞ்சில் முட்டுக்கொடுத்துச் சுற்றும் பெரிய துரப்பணம் வந்தது.

"அம்மாடி! எனக்க சட்டைக்குள்ள அடங்காதே. மக கண்டா கேப்பா. அவளுக்குத் தெரியப்படாது."

கடைசியில் சாணளவே உள்ள சீமைக் கைத்துரப்பணம் ஒன்றைக் கொண்டுவந்தார் தாணுலிங்கம். பல்சக்கரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றினார். சத்தமே இல்லை. மரத்தூள் மட்டும் உதிர்ந்தது.

"கொள்ளாம்! இரும்பு துளைக்குமா? பெட்டி மூலைக்கு இரும்புப் பட்டை அடிக்கணுமாம்."

"விரல் தண்டி கம்பியா இருந்தாலும் துளைச்சிப்போடும்வே. நாலு ரூவா."

ராஜையனின் முகம் விழுந்துவிட்டது. மடியை அவிழ்த்துக் காட்டினார். மூன்றுதான் இருந்தது.

"சரி, மூணே தாரும். எனக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கு" என்றார் தாணுலிங்கம். மனசு இளகினாலும் அவருக்கு ஆவல் அடங்கவில்லை. "அளவு, சத்தம், இரும்புன்னு இவ்வளவு வெவரமாச் சொல்லி அனுப்புன ஆளு லேசுப்பட்டவர் இல்ல. ஒரு நாள் கடைக்குக் கூட்டிட்டு வாருமே, நானும் பாக்கேன்."

ராஜையன் துரப்பணத்தைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

"அவரு வெளிய வர இன்னும் எட்டு வருஷம் கெடக்கே அண்ணாச்சி! நான் ஜெயில் வார்டராக்கும். தினம் அவருக்க அறையைப் பூட்டுறதே நான்தான்."