அட்டைக்குப் பின்னால்

ஊட்டிப் பட்டறையில் லாரியின் பானெட் திறந்து கிடந்தது. சுலோச்சனா ஜனவரிக் குளிரில் வெறும் புடவையோடு நின்றாள். புருஷன் போய் ஒன்பது நாளில் குளிர்கூட உறைக்கவில்லை போலிருக்கிறது என்று மெக்கானிக் சுப்பண்ணன் நினைத்தார்.

பழைய வண்டி. பிக்கட்டி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றிருக்கிறது. தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கிய அவள் புருஷன், டிரைவர் லிங்கசாமி, பாசியில் வழுக்கிப் பாறையில் விழுந்தான்.

கோளாறு வண்டியில் என்றால் சுலோச்சனாவுக்குக் காரட் மண்டியில் வேலை, இருக்கும் வீடும் அவளுக்கே என்று லாரி முதலாளி சொல்லியிருந்தார். டிரைவர் தப்பு என்றால் இந்த மாதமே காலி செய்ய வேண்டும். எதிர் டீக்கடையில் அவர் காத்திருந்தார்.

ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. வாட்டர் பம்ப் ஒழுகவில்லை. சுப்பண்ணன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டார். வால்வு ஒழுங்காகத் திறந்தது.

உறைபனி நாட்களில் இங்கே டிரைவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையைச் செருகித்தான் எஞ்சினைச் சூடேற்றுவார்கள். கிளம்பும்போது எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்றுப் போகாமல் ஏற்றத்தில் கொதிக்கும்.

லிங்கசாமியின் அட்டை சீட்டுக்குப் பின்னால், அதன் இடத்தில் இருந்தது.

அன்று விடியற்காலை என்ன நடந்தது என்று சுப்பண்ணன் கேட்டார். லிங்கசாமி வண்டியை ஓடவிட்டுக் காபி குடிக்க உள்ளே வந்தது, நேரமாகிறது என்று பாதி டம்ளரோடு எழுந்தது, இருட்டில் போய் அட்டையை உருவியது எல்லாம் சொன்னாள். பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது.

கடைசியில் அவர் முன் கிரில்லைக் கழற்றினார். ரேடியேட்டர் மேல் ஒரு கம்பளித் துணி. ஃபேன் இழுத்ததில் தகட்டோடு படிந்து, துருத் தண்ணீர் காய்ந்து விறைத்திருந்தது. என்ன நிறம் என்றே தெரியவில்லை.

சுப்பண்ணன் அதை உரித்தெடுத்து, சுருட்டி, பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அட்டை பத்தலீன்னு இதையும் வெச்சிருக்காப்ல. கெளம்புற அவசரத்துல எடுக்க மறந்துட்டாப்ல. உடு அம்மிணி. பம்பு போயிருச்சுன்னு சொல்லிப்போடறேன். லிங்கசாமி மறந்தது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அவள் குனிந்து துணியை எடுத்து, விறைத்த மூலைகளைச் சேர்த்துப் பிடித்து நான்காக மடித்தாள்.

"அவிங்க மறக்கலீங்ண்ணா. சீக்கிரம் சூடாகட்டும்னு நான்தான் அட்டைக்குப் பின்னால என் சால்வையப் போத்தி உட்டேன்."