விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே

"இன்னும் கொஞ்சம் கீழ, தம்பி."

"இதுக்கு மேல இறக்குனா மெஷின்ல இடிக்கும்ணே."

"அப்ப கொஞ்சம் இடப்பக்கம். என்ர விரலின்ர நிழல் விழுது, பாருங்கோ."

மேசை மேல் முழங்காலிட்டிருந்த எலக்ட்ரீஷியன் ரெங்கராஜ் விளக்கின் வளையும் கழுத்தை இடப்பக்கம் திருப்பினான். இது மூன்றாவது தடவை. மகேசனுக்கு ஐம்பது வயதுதான் இருக்கும். அதற்குள் கண் இவ்வளவு மங்கிவிட்டதா என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

துபாயிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, மணலுக்கு நடுவே இருந்தது அந்தத் துப்பாக்கி சுடும் கிளப். வெள்ளிக்கிழமைகளில் கார்கள் வரும். வானத்தில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் உதிர்த்த வெறும் கூடுகளைப் பொறுக்கி, வெடிமருந்தும் ஈய ரவையும் நிரப்பி, கைப்பிடி வைத்த பிரஸ்ஸில் அழுத்தி மறுபடியும் தோட்டாவாக்குவது மகேசனின் வேலை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

போன வாரம் மேனேஜர் ஒரு பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த மூன்று தோட்டாக்களை வெட்டிப் பார்த்தாராம். மூன்றிலும் மருந்தே இல்லை.

"வெளிச்சம் காணாது எண்டு சொன்னன். சரி, லைட் போட்டுத் தாறன், அதுக்குப் பிறகும் ஒண்டு பிழைச்சால் கலாஸ், வேலை முடிஞ்சுது, ஊருக்கு டிக்கெட் எண்டுட்டார்."

"குடுத்தா வாங்கிட்டு ஊருக்குப் போங்கண்ணே. நானெல்லாம் அந்த டிக்கெட்டுக்குத்தான் நாளை எண்ணிக்கிட்டுக் கெடக்கேன்."

"யாழ்ப்பாணத்துக்கோ? இப்பவோ?" மகேசன் சிரித்தார். "இருந்த வீட்டில ஷெல் விழுந்திட்டுது தம்பி. சனமெல்லாம் ஒவ்வொரு திசை. நான் ஆரிட்டப் போறது?"

ரெங்கராஜ் அதற்கு மேல் கேலி பேசவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பு இந்த நாற்பது வாட் பல்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, திருகாணியை இன்னொரு சுற்று முறுக்கினான்.

மகேசன் மருந்து டப்பாவை மூடி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்த பிறகு ரெங்கராஜ் மெயினை அணைத்தான். ஏ.சி. நின்றது. அறை முழு இருட்டானது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் ஒயரை இணைத்தான். முதுகுக்குப் பின்னால் மகேசன் காலையில் செய்த தோட்டாக்களைத் தட்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. டக். டக். டக்.

சத்தம் ஒரு கணம் நின்றது.

"இதில மருந்து குறைவு" என்றது இருட்டு.

ரெங்கராஜ் டார்ச்சைத் திருப்பினான். மகேசன் ஒரு தோட்டாவைத் தனியே எடுத்து வைத்திருந்தார். "எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"மருந்து குறைஞ்சால் வாய் மடிப்பு உள்ளுக்குக் குழிஞ்சிருக்கும். பெருவிரலால தடவினாக் காணும். பத்து வருசமாத் தடவுறன்."

மெயினைப் போட்டதும் விளக்கு எரிந்தது. மஞ்சள் வட்டம் ஒன்று பிரஸ்ஸின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது. நிறுத்தி வைத்திருந்த கூட்டின் அடிவரைக்கும் தெரிந்தது.

"இனிமே ஒண்ணும் தப்பாதுண்ணே."

"வடிவான வெளிச்சம்" என்றார் மகேசன், விளக்கைப் பார்க்காமல். "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

இரண்டு கப்புகள் வந்தன. ஒன்று விளிம்பு உடைந்தது. ரெங்கராஜின் கையில் இருந்ததில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் உரியாமல் இருந்தது.

"புதுக் கப்பா? யாரும் விருந்தாளி வர்றாங்களாண்ணே?"

"இங்க ஆர் வருவினம்? வாட்ச்மேன் பாகிஸ்தான் பட்டாணி. நான் சலாம் எண்டா அவரும் சலாம், அதோட எங்கட கதை முடிஞ்சுது. சமையல்காரன் பிலிப்பைன்ஸ். ரேடியோவில தமிழ் கேக்கும்தான். ஆனா நான் திருப்பிச் சொல்லுறது அதுக்குக் கேக்காதே."

நோன்பு மாதத்தில் இதே அறைக்கு ஏ.சி. மாட்ட வந்தபோது ரெங்கராஜ் ஏதேதோ பேசியிருந்தான். நாலு மாதம் கழித்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார் மகேசன்.

"தங்கச்சிக்கு அறந்தாங்கியில மாப்பிள்ளை பாத்ததெண்டியள். சரிவந்துதோ?"

தான் அதைச் சொன்னதே ரெங்கராஜுக்கு மறந்து போயிருந்தது. "அது தட்டிப்போச்சுண்ணே. வேற பாக்குறோம்."

"பாவம் பிள்ளை. சின்னவனின்ர பள்ளிக்கூடம்?"

"அவனா? எட்டாவதை விடவே மாட்டேங்கிறான்!"

மகேசன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு, இருந்த நகைச்சுவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வெளியே பிக்கப்பின் ஹாரன் அடித்தது. டிரைவர் கலீல் ரஹ்மானின் குரலும் வந்தது. "ஜல்தி, பாய்! யல்லா!"

ரெங்கராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கதவைத் திறந்தவன், அங்கேயே நின்றுவிட்டான்.

"ஏண்ணே, இருட்டுலயே விரலால கண்டுபிடிக்கிறீங்க. அப்புறம் அந்த மூணு மட்டும் எப்படித் தப்பிப் பெட்டிக்குள்ள போச்சு? அதுவும் மேலாப்புல?"

மகேசன் புதுக் கப்பைக் கழுவித் துடைத்து, அலமாரியில் தன் கப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஹாரன் மறுபடி அடித்தது.

"அடுத்த மாசம் இந்த லைட்டும் பழுதாகும், தம்பி. வேற ஆளை விடாமல் நீங்களே வாங்கோ."