‘ம்’ வந்தால் மல்லிகை

வேலைகள் தானாக நடக்கும்படி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக் கொடுப்பது அறிவு என்ற இளைஞனின் தொழில். புது மனைவி தமிழ்மொழிக்காகவும் தன் செல்போனில் ஒன்று போட்டிருந்தான். அவன் மெசேஜுக்கு அவள் பதில் வெறும் ‘ம்’ என்றால் கோபம் என்று கணக்கு; உடனே வீட்டுக்கு மல்லிகை அனுப்பச் சொல்லி தி.நகர் பூக்கடைக்கு ஆர்டர் போய்விடும். வேறு பதிலென்றால் போகாது.

இந்த வாரம் தினமும் ‘ம்’ வந்ததைப் பூக்கடை பில் காட்டியது. பயந்துபோய் மதியமே வீட்டுக்கு ஓடினான்.

“எம்மேல இன்னா கோவம், தமிழு?”

தலை நிறைய மல்லிகையோடு அவள் சிரித்தாள். “மொதல்ல ஒரு தபா கோவத்துலதான் ‘ம்’னு போட்டேன். பூ வந்துச்சு. அப்பால பூ வேணும்னா ‘ம்’ போடறேன்.”

“நெஜமா கோவம் வந்தா?”

“பக்கம் பக்கமா எழுதறேன். நீதான் படிக்கறதே இல்ல.”

அறிவு செல்போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அனுப்பியிருந்ததையெல்லாம் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான்.