தட்டைத் துடைக்கும் நேரம்

வெயில் சாயும் பேஸ்பால் மைதானத்தில், கழற்றிய முகமூடியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி அம்பயர் நிற்கிறார். தரையோடு சறுக்கி வந்த ஓட்டக்காரனின் கால், ஓட்டம் முடியும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் வெள்ளைத் தட்டைத் தொடவில்லை என்று அவர் அவுட் கொடுத்துவிட்டார். அவனுடைய கோச் மூக்குக்கு நேரே வந்து கத்துகிறார். "கண்ணு எங்கய்யா இருக்கு? கால் தட்டுல பட்டுச்சுய்யா!" எச்சில் கன்னத்தில் தெறிக்கிறது. "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்," என்கிறார் அம்பயர், குரலை உயர்த்தாமல். கோச்சின் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஆனால் முகம் சிவக்கவில்லை. கண்கள் அடிக்கடி அம்பயரின் தோளைத் தாண்டி வேலியோரம் போய் வருகின்றன. அவருடைய அணியில் அடுத்து பந்து வீச வேண்டியவன் அங்கே அவசர அவசரமாகப் பந்தை எறிந்து எறிந்து கையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறான். அம்பயருக்குப் பொறி தட்டுகிறது. பையிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுத்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, புழுதி படிந்த தட்டைத் துடைத்தபடியே மெல்லக் கேட்கிறார்: "உங்க ஆளு கை சூடாயிடுச்சா?" கத்தல் பாதியில் நிற்கிறது. கோச் வேலிப்பக்கம் ஒருமுறை பார்க்கிறார். "ஆயிடுச்சு சார்," என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். எல்லாம் நேரம் கடத்தும் நாடகம். அம்பயர் அலட்சியமாக நிமிர்கிறார். ஓட்டக்காரன் மட்டும் இன்னும் புழுதியிலேயே உட்கார்ந்திருக்கிறான். தட்டின் ஓரத்தில் தன் ஷூ இழுத்த செம்மண் கோடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தட்டு இப்போது பளிச்சென்று இருக்கிறது.