பத்தொன்பது பச்சை அட்டைகள்

பத்தொன்பதாவது அட்டையையும் மேசைமேல் அறைந்து வைத்தாள் வெர்னா. நகர அலுவலகத்து டோரீன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டப்போவது என்ன மாளிகையா? வாசலில் ஒரு மரச் சாய்தளம்.

பக்கவாதம் வந்து ஏழு மாதமாகச் சக்கர நாற்காலியில் கிடக்கிறான் கணவன் கிளிஃபோர்ட். வாரம் இரண்டு தடவை தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்து நாற்காலியோடு தூக்கி, ஐந்து படி இறக்கி, வைத்தியத்துக்கு அனுப்புகிறார்கள். பனி விழ ஆரம்பித்தால் அந்தப் படியில் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வைத்தியம் நின்றால் அவ்வளவுதான்.

சாய்தளம் பக்கத்து மனையின் எல்லைக்கு ஆறடிக்குள் வருகிறதாம். அதற்குத் தனி அனுமதி வேண்டுமாம். மனுப் போடுமுன் முந்நூறு அடிக்குள் சொத்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் பதிவுத் தபால் போக வேண்டும், வாங்கினவர் கையெழுத்தான பச்சை ஒப்புகை அட்டை திரும்பி வர வேண்டும். குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குப் போய் வெயில் காய்கிற வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. கல்லறைத் தோட்டத்துச் சங்கத்துக்கு ஒன்று. அங்கே படுத்திருக்கிறவர்களா ஆட்சேபிக்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு டோரீன் சிரிக்கக்கூட இல்லை.

இதில் பெரிய கூத்து, அந்தப் பக்கத்து மனையே கிளிஃபோர்டுடையது. அவன் அப்பா எழுதிவைத்த காலி இடம், உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தான். பத்திரம் அவன் பெயரில் மட்டும் இருப்பதால் அவனுக்கும் தபால் போயே ஆக வேண்டும் என்று டோரீன் ஒற்றைக்காலில் நின்றாள். சமையலறையில் உட்கார்ந்து எழுதி, தபால் நிலையம் வரை போய், அடுத்த அறையில் இருக்கிறவனுக்குக் கடிதம் அனுப்பினாள் வெர்னா. தலையெழுத்து.

அட்டையெல்லாம் சரி, ஆனால் நேற்றுத் தபாலில் ஓர் ஆட்சேபணை வந்திருக்கிறது என்றாள் டோரீன்.

வெர்னாவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஹார்லன். அவன் நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதிலிருந்து கறுவிக்கொண்டு திரிகிறான். நடக்க முடியாத மனுஷன் வீட்டை விட்டு வெளியே வருவது அவனுக்கு எங்கே உறுத்துகிறது, இவனெல்லாம் நன்றாக இருப்பானா என்று அங்கேயே நின்று திட்டித் தீர்த்தாள்.

டோரீன் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

வலது கை விழுந்தபின் இடக்கையால் கிறுக்கிப் பழகிய எழுத்து. வரி முழுக்கக் கோணல்.

'அந்த வீட்டில் சாய்தளம் தேவைப்படுகிறவர் யாரும் இல்லை. கிளிஃபோர்ட், பக்கத்து மனைக்காரர்.'

காலையில் அவளே முட்டை ஊட்டிவிட்டு வந்திருக்கிறாள். பாவி மனுஷன் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் தாளைக் கசக்கப் போனாள். தாளை மறுபடி படித்தாள். இந்தத் தடவை கோபம் வரவில்லை.

டோரீன் ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். ஆட்சேபணை வந்தால் கேட்டு எழுத வேண்டிய கேள்வியாம். அவள் குரல் இறங்கியிருந்தது.

"மனுப் போடறதுக்கு முன்னாடி இவர்கிட்ட நேர்ல பேசினியா, வெர்னா?"

தச்சனிடம் பேசியிருந்தாள். மருத்துவரிடம் பேசியிருந்தாள்.

"தபால் அனுப்பினேன்," என்றாள் வெர்னா.